ஒரு நிமிடம் போதும், டொக்டர்!

“ரூட் கனாலில் நரம்பை எடுத்தாயிற்று என்று சொன்ன பிறகும் டொக்டர் சிரிஞ்சால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தாரே, ஏன்?”
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மண்டூர்

அது தண்ணீர் இல்லை, சேர். பெரும்பாலும் சோடியம் ஹைப்போகுளோரைட். வெள்ளைச் சட்டையை வெளுக்கப் போடுகிறோமே, அந்தச் சாமான்தான். பல்லின் வேர்க்குழலில் கிளை, வளைவு, மூலைமுடுக்கு என்று நிறைய உண்டு. டொக்டரின் மெல்லிய அரம் எட்டாத இடத்துக்கு மருந்துதான் போக வேண்டும். செத்த திசுவைக் கரைப்பதும் கிருமியைக் கொல்வதும் இதன் வேலை.

“பிறகு இன்னொரு சிரிஞ்சையும் எடுத்தார். பில்லைக் கூட்டவா?”
– வங்கி உத்தியோகத்தர், களுவாஞ்சிக்குடி

உங்கள் தொழில் புத்தி போகாதே! அந்த இரண்டாவது சிரிஞ்சில் இருந்தது ஈடிடிஏ. அரத்தால் தேய்க்கும்போது வேரின் உட்சுவரான டென்டினில் தூளும் திசுவும் கிருமியும் குழைந்து, மண்சுவரில் சாணி மெழுகியதுபோல் ஒரு படலமாக அப்பிவிடும். ‘ஸ்மியர் லேயர்’ என்பார்கள். டென்டினின் எடையில் ஏறத்தாழ 70 சதவீதம் கனிமம். படலத்திலும் கனிமமே அதிகம். அதனிடம் ஹைப்போகுளோரைட்டின் பருப்பு வேகாது. ஈடிடிஏ கல்சியத்தைப் பிடித்துத் தன்னோடு கரைத்துக்கொண்டு வெளியே வரும். அடைபட்டிருந்த நுண்குழல்கள் திறக்கும். அவை சதுர மில்லிமீற்றருக்குப் பல்லாயிரம். அதன் பிறகு வைக்கும் மருந்தும் அடைப்பும் உள்ளே நன்றாகப் பிடிக்கும்.

“இதைப் பல்லில் முதலில் விட்ட மகராசன் யார்?”
– உயர்தர மாணவி, வெல்லாவெளி

ஈடிடிஏ பிறந்தது பல்லுக்காக இல்லை, தங்கச்சி. 1930களில் ஜெர்மனியில் பெர்டினான்ட் முன்ஸ் என்ற இரசாயனவியலாளர் துணித் தொழிலுக்காக உருவாக்கினார். நீரிலுள்ள கல்சியம் சாயம் போடுவதைக் கெடுத்ததால் அதைக் கட்டிவைக்க ஒரு பொருள் தேவைப்பட்டது. 1957இல் நோர்வேயின் நைகார்ட்-ஓஸ்ட்பி அதைக் குறுகிய வேர்க்குழலுக்குள் கொண்டுவந்தார். நோர்வேக்காரர்கள் இலங்கைக்குச் சமாதானம் பேச வருவதற்கு நாற்பது வருடத்துக்கு முன்பே பல்லுக்குள் பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டார்கள். இந்தப் பேச்சுவார்த்தை பலன் தந்தது. நீங்கள் இரத்தப் பரிசோதனைக்குப் போனால் ஊதா மூடிக் குழாயில் இருப்பதும் ஈடிடிஏதான். கல்சியத்தைப் பிடித்து இரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும்.

“இதுக்கெல்லாம் எதுக்கு மனே மருந்து? தேசிக்காய்ப் புளி விட்டாக் காணாதா?”
– ஓர் ஆச்சி, குருமண்வெளி

பாதி சரி, ஆச்சி. தேசிக்காயில் உள்ள சித்திரிக் அமிலத்தையும் சில டொக்டர்மார் 10 சதவீதக் கரைசலாக வேர்க்குழலில் பாவிக்கிறார்கள். ஆனால் வீட்டில் பல்லின் மேல் தேசிக்காய் தேய்த்தால் எனாமல்தான் அரிக்கும். அப்படியே வெத்திலையையும் கொஞ்சம் யோசியுங்கள். சுண்ணாம்பு பூசி மென்றால் பல்லுக்குக் கல்சியம் சேரும் என்பது நினைப்புத்தான். பாக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. பல்லைக் காட்டும்போது கன்னத்தின் உட்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

“நல்ல மருந்தென்றால் அரைமணித்தியாலம் ஊறவிட்டால் இன்னும் நல்லதுதானே?”
– பலசரக்குக் கடைக்காரர், மண்டூர்

அளவுக்கு மிஞ்சினால் என்ன ஆகும் என்று கடையில் கடன் கொடுத்துப் பார்த்த உங்களுக்குத் தெரியாதா? 17 சதவீத ஈடிடிஏக்கு ஒரு நிமிடமளவு போதும். துருக்கி ஆய்வாளர்கள் 2002இல் ஒரு நிமிடத்தையும் பத்து நிமிடத்தையும் ஒப்பிட்டார்கள். ஒரு நிமிடத்தில் படலம் போனது. பத்து நிமிடத்தில் நுண்குழலைச் சுற்றியிருந்த டென்டினே அரித்துப் போனது. இரண்டு மருந்தையும் ஒன்றாகக் கலக்கவும் கூடாது. கலந்தால் கிருமி கொல்லும் குளோரின் அடிபட்டுப்போகும். அதுதான் இரண்டு சிரிஞ்ச்.

“வாவி நண்டின் ஓட்டிலிருந்தும் இந்த மருந்து எடுக்கலாமாமே?”
– மீன்பிடித் தொழிலாளி, துறைநீலாவணை

கேள்விப்பட்டது பொய்யில்லை, அண்ணன். நண்டு, இறால் ஓடுகளிலிருந்து கைட்டோசான் என்ற பொருள் கிடைக்கிறது. பிரேசில் ஆய்வாளர்கள் 0.2 சதவீதக் கைட்டோசானால் அந்தப் படலம் நீங்குவதைக் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் ஈடிடிஏ கதிரையை விட்டு இன்னும் எழும்பவில்லை. அதனால் இப்போதைக்கு நண்டைக் குழம்புக்கே விடுங்கள்.

“படகுப் பாதையில் ஏறி வாவி கடந்து நாலு தரம் அலைவதைவிட, ஒரே தரமாகப் பல்லைப் புடுங்கினால் என்ன?”
– விவசாயி, மண்டூர்

வேர் வெடித்திருந்தால் புடுங்குவதுதான் நியாயம். காப்பாற்றலாம் என்றால் அலையுங்கள்; கடைவாய்ப் பல் போனால் இறைச்சி மெல்லும்போது அருமை தெரியும். ஆனால் நோ நின்றதும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். தற்காலிக அடைப்பு நீண்டநாள் தாங்காது. கசிந்தால் வாய்க் கிருமி மறுபடியும் வேருக்குள் போய்விடும். அதுவரை கழுவியதெல்லாம் வீண். கடைசிப் பயணம் நிரந்தர அடைப்புக்கு, தேவைப்பட்டால் பல்லுக்கு மூடி போட. அதைத் தவற விடுவதாக இருந்தால், முதல் பயணத்தையும் மிச்சம் பிடியுங்கள்.