கடலைத் தள்ளி வைத்த ஆறு

கேள்வி: கொற்கையைத் துறைமுகம் என்கிறார்களே, அங்கே கடலையே காணோமே, எங்கே போயிற்று?

பதில்: கடல் ஓடிவிடவில்லை, தாமிரபரணிதான் அதைத் தள்ளி வைத்தது. பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டரே ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் இந்த ஆறு, இரு பருவமழைகளிலும் சுமந்துவரும் வண்டலை முகத்துவாரத்தில், அதாவது கடலைச் சேரும் வாயில், நூற்றாண்டுக் கணக்கில் இறக்கிக்கொண்டே இருந்ததால், பெரிப்ளஸ் என்னும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு முத்துக்குளித்தலோடு சேர்த்துச் சொல்லும் பாண்டியர் கொற்கை, வயலும் வாழையும் சூழ்ந்த உள்நாட்டு ஊராயிற்று. வணிகம் கடலைப் பின்தொடர்ந்து, மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியந்த காயலுக்கு இறங்கியது. அதுவும் தூர்ந்து இன்று பழையகாயல். ஆற்றுவாயிலிருந்து விலகி நின்ற தூத்துக்குடிக்கே துறைமுகம் நிலைத்தது. கொற்கை ஒருகாலத்தில் கடலோரம் இருந்ததற்குச் சான்றாக, அங்கே பாதிரியார் கால்டுவெல் தோண்டியபோது, மண்ணுக்கடியில் கடற்சிப்பிகள் கலந்த அடுக்கு வெளிப்பட்டது.