அப்பாக்கள் மைதானத்துக்கு வந்த கதை

எங்கள் காலத்தில் பள்ளி மைதானத்துக்கு ஒருத்தனுடைய அப்பா வந்து நின்றால், ஒன்று வீட்டில் யாராவது இறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பையன் எதிலாவது மாட்டியிருக்க வேண்டும். ஆட்டம் பார்க்கவும் அப்பா வரலாம் என்கிற எண்ணமே 1989இல் அம்பாசமுத்திரம் பக்கம் யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. ஒரு தடவை எங்கள் செட்டரின் அப்பா சைக்கிளை ஸ்டாண்ட் போடுவதைப் பார்த்ததும், எடுத்த பந்தைக் கீழே போட்டுவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி: “யாரு?” ஆச்சிதான். அன்றைக்கு எங்களுக்கு ஐந்து பேரை வைத்து ஆடும்படி ஆனது.

நான் வாலிபால் ஆடினேன். சுமார்தான். உயரம் இருந்ததால் பி.டி. சார் பிடித்துப் போட்டார். அப்பாவுக்கு அரிசி மண்டி. நான் பள்ளி அணியில் இருக்கிற விஷயம், சாக்கு தைக்க வந்த ஆள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

“ஒங்க மவன் நல்லா குதிக்கான் அண்ணாச்சி.”

“குதிக்கட்டும். கணக்குப் பாடத்துலயும் கொஞ்சம் குதிச்சாம்னா தேவலை.”

பிள்ளையின் விளையாட்டு வாழ்க்கையைப் பற்றி எங்கப்பா வாய் திறந்து சொன்னது மொத்தமும் இதுதான். இந்த மாதிரி கட்டுரைகளில் அப்பா வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று, மகன் ஆடுவதைப் பார்த்துக் கண் கலங்குவது வழக்கம். எங்கள் மைதானத்திலும் வேப்பமரம் உண்டு. அதற்குப் பின்னால் பீடி குடிக்கிறவர்கள்தான் நின்றார்கள். சாயங்காலம் லோடு இறங்குகிற நேரம்; அப்பா மண்டியை விட்டு எங்கே வருவார்?

வெளியூர் ஆட்டம் என்றால் மீட்டர் கேஜ் ரயில். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மூச்சு வாங்கிக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷன் போய்ச் சேரும். அங்கிருந்து பாளையங்கோட்டைக்கு பஸ். பள்ளிக்கூடங்களால் ஆன ஊர் அது. எந்தச் சுவரை எட்டிப் பார்த்தாலும் அந்தப் பக்கம் ஒரு மைதானம் இருக்கும். பதினோரு பிள்ளைகள், ஒரு பி.டி. சார், இரண்டு பந்து, அதில் ஒன்றுக்குக் காற்று நிற்காது. ஆளுக்கு இரண்டு பன், ஒரு வாழைப்பழம். ஜெயித்தால் கலர் வாங்கித் தருவதாக சார் சொல்லியிருப்பார். தோற்றாலும் வாங்கித் தருவார், ஆனால் குடிக்கும்போது பக்கத்தில் நின்று திட்டுவார்.

தென்காசி ஆட்டம் தனி. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றும் சாரலும் சேர்ந்து எதிர் அணிக்கு ஏழாவது, எட்டாவது ஆள்களாக ஆடும். நாங்கள் சர்வீஸ் போட்டால் பந்து வலை வரைக்கும் போய், கொஞ்சம் யோசித்துவிட்டு எங்கள் பக்கமே திரும்பி வரும். தென்காசிப் பையன்கள் அந்தக் காற்றிலேயே வளர்ந்தவர்கள். காற்று எதிரே இருந்தால் வலையை ஒட்டித் தட்டையாக அடிப்பார்கள். முதுகில் இருந்தால் சும்மா தட்டிவிடுவார்கள், ஆள் இல்லாத மூலையில் அதுவாகப் போய் விழும். அப்போதெல்லாம் சர்வீஸ் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் பாயிண்ட். 15 பாயிண்ட் எடுப்பதற்குள் ஆட்டம் இழுத்துக்கொண்டே போகும். 1990களின் கடைசியில் விதியை மாற்றி, யார் சர்வீஸ் போட்டாலும் பாயிண்ட், 25க்கு ஒரு செட் என்று ஆக்கினார்கள். ஆட்டம் எப்போது முடியும் என்று இப்போது ஓரளவு சொல்லிவிடலாம். அப்பாக்கள் வரத் துணிந்ததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

தோல்வி ரயிலிலேயே முடிந்துவிடும். சேரன்மகாதேவி வரை ஆளுக்கு ஆள் பழி போட்டுக்கொள்வோம், வீரவநல்லூரில் யாராவது சிரிப்பார்கள், அவ்வளவுதான். வீட்டுக்குள் நுழைந்தால் “ரயில் லேட்டா?” என்பார்கள். ஜெயித்தாயா தோற்றாயா என்று கேட்க ஆள் இல்லாதது அன்று எனக்குக் குறையாகப் பட்டது. அது எவ்வளவு பெரிய சலுகை என்பது இப்போது என் மகளைப் பார்த்தால் தெரிகிறது.

அவளும் வாலிபால்தான். பதினாலு வயது. அவள் அணிக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். பெற்றோர் வாட்ஸாப் குழுவில் முப்பத்தொரு பேர். குறுவட்டப் போட்டித் தேதி வந்த அன்றே டெம்போ டிராவலர் பேசியாகிவிடும். முன்னால் பிள்ளைகளின் வேன், பின்னால் எங்கள் வேன். ‘வருவாய் மாவட்டம்’, ‘மண்டலம்’, ‘பாரதியார் தினம்’, ‘குடியரசு தினம்’ என்கிற சொற்களை எங்கள் காலத்தில் பி.டி. சார் ஒருத்தர்தான் உச்சரிப்பார். இன்றைக்கு அம்மாக்கள் காய்கறிக் கடையில் நின்று சொல்கிறார்கள். எந்தச் சான்றிதழுக்கு எவ்வளவு மதிப்பு, அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீட்டுக்கு எது செல்லும், எது செல்லாது என்பதெல்லாம் விரல் நுனியில். 2023இல் முதலமைச்சர் கோப்பையைப் பெரிதாக நடத்தி, மாநில அளவில் தனிநபர் போட்டியில் முதலிடம் என்றால் ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்ததும், குதிப்பதைப் பற்றிய கருத்து வீட்டுக்கு வீடு மாறிப்போனது. எங்கப்பா இருந்திருந்தால் கணக்குப் பாடத்தை அவரே மறந்திருப்பார்.

எங்கள் ஆட்களுக்குப் பார்வையாளராக இருக்கத் தெரியாது என்பது வேறு விஷயம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையே. 2016இல் டி.என்.பி.எல். கிரிக்கெட் சங்கர் நகர் இந்தியா சிமென்ட்ஸ் மைதானத்துக்கு வந்தபோதுதான், அட்டையைத் தூக்கிக் காட்டுவது, கேமரா திரும்பினால் எழுந்து ஆடுவது எல்லாம் பழக்கத்துக்கு வந்தது. அதை அப்படியே பள்ளிக்கூட வாலிபாலுக்குக் கொண்டுவந்துவிட்டோம். கோட்டுக்கு வெளியே செல்போனை நீட்டிக்கொண்டு ஒரு வரிசை. “கையத் தூக்கு! கையத் தூக்கு!” என்று, வாழ்நாளில் பந்தையே தொடாத ஒரு வங்கி மேலாளர் கத்துவார். டைம் அவுட்டில் பி.டி. சார் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு அம்மா குளுக்கோஸ் தண்ணீரோடு நடுவில் புகுவார். இங்கிலாந்தில் இந்தத் தொல்லை முற்றிப்போய், 2008இல் கால்பந்துச் சங்கமே ‘ரெஸ்பெக்ட்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. சிறுவர் ஆட்டங்களில் பெற்றோரைத் தடுப்புக் கட்டி அந்தப் பக்கம் நிறுத்தினார்கள். நம்மூரில் இன்னும் தடுப்பு வரவில்லை. விசில் அடித்து, “சார், ரெண்டு எட்டு பின்னால” என்று அம்பயர் கெஞ்சுவதோடு சரி.

விதிவிலக்கு கோவில்பட்டி. அங்கே ஹாக்கி பார்ப்பது பரம்பரைச் சொத்து. ஹாக்கிப்பட்டி என்றே ஊருக்குப் பேர். அப்பா ஆடியிருப்பார், தாத்தா ஆடியிருப்பார், ஆகவே மைதானத்தில் பெரியவர்கள் நிற்பது அங்கே அன்றும் அதிசயம் இல்லை. 2022இல் தேசிய ஜூனியர் ஹாக்கி கிருஷ்ணா நகர் செயற்கை இழை மைதானத்தில் நடந்தது. அதே வருடம் அந்த ஊர்ப் பையன் மாரீஸ்வரன் சக்திவேல் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார். கோவில்பட்டிக்காரர் கோட்டுக்கு வெளியே நின்று கத்தினால் அதில் விஷயம் இருக்கும். நாங்கள் கத்தினால் சத்தம் மட்டும்தான் இருக்கும்.

அந்தக் கோவில்பட்டியும் ஒரு காலத்தில் எங்கள் மாவட்டம்தான். 1986 அக்டோபரில் தூத்துக்குடியைப் பிரித்தபோது போனது. 2019 நவம்பரில் தென்காசியும் தனி மாவட்டமாகி, அந்தக் காற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மாவட்டம் சுருங்கச் சுருங்க வேன் பெரிதாகிக்கொண்டே வருகிறது.

‘வெளியூர்’ என்ற சொல்லில் எங்கள் பக்கம் இன்னொரு கனமும் இருந்தது. 1990களின் சாதிக் கலவர நாட்களில் அடுத்த ஊர் மைதானம் என்பது தூரக் கணக்கு அல்ல. எந்தத் தெரு வழியாகப் போவது, இருட்டுவதற்குள் திரும்பிவிட முடியுமா என்கிற கணக்கு. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியிலிருந்து புறப்பட்ட கணேசன் 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, 1995க்கான அர்ஜுனா விருதும் வாங்கினார். அவர் வாழ்க்கையை வைத்து மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன்’ 2025இல் வந்தபோது வேன் முழுக்கப் போய்ப் பார்த்தோம். மகன் ஆடப் போகிறான் என்றாலே பதறுகிற அப்பாவாகப் பசுபதி வருவார். தியேட்டரில் எங்கள் வரிசையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. இன்றைக்கும் ஆட்டத்துக்கு முன்னால் எங்கள் பி.டி. சார் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி மணிக்கட்டைப் பார்ப்பார். சாதியைக் காட்டும் கலர் கயிறு இருந்தால் அவிழ்க்கச் சொல்வார். காயம் உண்டாக்கக்கூடிய எதையும் அணிந்து ஆடக்கூடாது என்பது வாலிபால் விதி, அதைக் காட்டிவிடுவார். பள்ளிகளில் அந்தக் கயிறுகளே கூடாது என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. சார் அதற்கும் முன்னாலிருந்தே விதிப் புத்தகத்தை வைத்துக் காரியத்தை முடித்துக்கொண்டிருந்தார். வேனில் வருகிற அப்பாக்களின் மணிக்கட்டைப் பார்க்க விதியில் இடமில்லை.

இதையெல்லாம் கேலியாகச் சொல்லிக்கொண்டு போனாலும் ஒரு இடத்தில் எனக்கு நின்றுவிடும். அது என் அக்கா.

அவள் கோகோ ஆடினாள். நான் வாலிபால் ஆடிய மாதிரி இல்லை, நன்றாக ஆடினாள். உட்கார்ந்திருக்கிறவள் முதுகில் ‘கோ’ என்று விழுந்ததும் எழுந்து பாய்கிற அந்த முதல் எட்டில் அவளை யாரும் தப்ப முடியாது. முழங்கால் இரண்டிலும் எப்போதும் சிராய்ப்பு. பாவாடை மறைப்பதால் வீட்டில் தெரியாது. அவள் பத்தாவது படிக்கும்போது அணி ஜெயித்து, அடுத்த சுற்று நாகர்கோவில் என்று வந்தது. இரண்டு ராத்திரி தங்க வேண்டும். பி.டி. டீச்சர் வீட்டுக்கே வந்து கேட்டார். அப்பா அவரை உட்கார வைத்து, காபி கொடுத்து, மரியாதையாகச் சொன்னார்:

“டீச்சரம்மா, நீங்க சொல்றது வாஸ்தவம். வயசுப்பிள்ளைய ரெண்டு ராத்திரி வெளியூர்ல விட்டுட்டு நாளைக்கு நான் மண்டியில உக்காந்திருக்க முடியுமா?”

“நீங்களும் கூட வாங்களேன் அண்ணாச்சி.”

அப்பா சிரித்துவிட்டார். மகள் விளையாடுவதைப் பார்க்க மண்டியைப் பூட்டிவிட்டு நாகர்கோவில் போவதாவது. டீச்சர் உண்மையாகத்தான் கேட்டார் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. பதிலுக்கு இன்னொரு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு போனார்கள். அக்கா அடுத்த வருடம் ஆடவில்லை. யாரும் தடுத்ததாக ஞாபகம் இல்லை. அவள் கேட்கவும் இல்லை.

ஆகவே பெற்றோர் வேனைப் பற்றிப் பையன்களின் அப்பாக்கள் புலம்பலாம், எனக்கு அந்த உரிமை கிடையாது. எங்கள் அணியில் நான்கு பிள்ளைகள் வெளியூர் வருவதே பின்னால் அம்மா வேன் வருகிறது என்பதால்தான். குளுக்கோஸ் தண்ணீரோடு புகுகிற அம்மாவைத் திட்டும்போது, அவர் வரவில்லை என்றால் அவர் மகள் வரமாட்டாள் என்பதையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டியிருக்கிறது.

வேனில் எங்கள் அணிக்கு இன்னொரு வரவும் உண்டு. அக்காவேதான். மகனும் மருமகளும் பெங்களூரில். அத்தானுக்குச் சோறு வைத்துவிட்டு ஏறிவிடுவாள். செல்போனை எடுப்பதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறாள், அதில் எதிர் அணியின் ஆறு நம்பரையும் நிற்கிற வரிசைப்படி எழுதுவாள். போன தடவை பாளையங்கோட்டையில் மூன்றாவது செட்டில் 19-21 என்று நாங்கள் பின்னால். திடீரென்று எழுந்தாள்.

“ரொட்டேஷன் தப்பு. எட்டு போட வேண்டிய சர்வீஸை அஞ்சு போடுது.”

வங்கி மேலாளர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அக்கா கோட்டருகே போகவில்லை, கத்தவும் இல்லை. நேரே எங்கள் பி.டி. சாரிடம் போய் நோட்டைக் காட்டினாள். சார் கேப்டனுக்குச் சைகை காட்ட, அவள் அம்பயரிடம் கேட்டாள். ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தார்கள், ஒரு நிமிஷம் ஆயிற்று. தப்புத்தான். பாயிண்டும் எங்களுக்கு, சர்வீஸும் எங்களுக்கு. எதிர் அணிப் பெற்றோர் வேனிலிருந்து ஒருத்தர், “அந்தம்மா எந்த ஸ்கூல் பி.டி.?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த ஆட்டத்தைத் தோற்றுத்தான் போனோம். அதற்கும் நோட்டில் காரணம் இருந்தது.

அடுத்த ஆட்டம் கோவில்பட்டியில். முந்தாநாள் இட்லி சாப்பிட்டுக்கொண்டே மகள் எனக்கு நிபந்தனை போட்டாள். வரலாம். ஆனால் சர்வீஸ் போடும்போது முதுகுக்குப் பின்னால் நிற்கக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. வீடியோ எடுத்துக் குழுவில் போடக் கூடாது. “எங்க காலத்துல” என்று ஆரம்பிக்கவே கூடாது. தோற்றுவிட்டால், திரும்பி வரும்போது கயத்தாறு தாண்டுகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

“ஒங்க அத்தைக்கும் இதேதானா?” என்று கேட்டேன்.

“அத்தைக்கு எதுக்கு? அவங்களுக்கு கேம் தெரியும்லா.”