480 நாளுக்குள் காலாவதி

ராப் பாடகர்களுக்கு ஏன் சீக்கிரமே மவுசு போய்விடுகிறது என்று யூடியூப் மேதைகள் கூடிக்கூடிப் பேசுகிறார்கள். சரக்கு தீர்ந்துவிட்டதாம். காசு பார்த்ததும் கோபம் ஆறிவிட்டதாம். சொன்னதையே சொல்கிறார்களாம். வடசென்னை எண்ணூரில் எங்கள் காத்திவாக்கம் பக்கம் வந்திருந்தால் இத்தனை ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்காது. கம்பெனி கேட்டில் நிற்கிற காண்ட்ராக்ட் தொழிலாளி எவரைக் கேட்டாலும் விஷயத்தை உடைத்துச் சொல்லிவிடுவார்.

24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-ல் தமிழ்நாட்டில் சட்டம் போட்டார்கள். தொழிலாளிக்கு மறந்தாலும் முதலாளிக்கு அது மனப்பாடம். 480 நெருங்கும்போது ஆளை நிறுத்துவார்கள். பிறகு வேறு காண்ட்ராக்டர் பெயரில் புதுசாக எடுப்பார்கள். அப்படி நின்று போனவரைப் பற்றி, 'திறமை மங்கிவிட்டது' என்று எவரும் விவாதம் நடத்துவதில்லை.

பாட்டுக் கம்பெனியும் கம்பெனிதானே. 1994-ல் 'காதலன்' படத்தில் 'பேட்டை ராப்' வந்த நாள் முதல் சினிமாவுக்கு எங்கள் பேச்சு ருசித்துவிட்டது. பேச்சு மட்டும். பேசுகிறவன் வேண்டாம். ஹீரோ வடசென்னை ரவுடி என்றால் கார் எண்ணூருக்கு வரும், ஒரு பையனைத் தேடும். "தம்பி, லோக்கலா இருக்கணும், ஆனா எல்லாருக்கும் புரியணும். கோவம் வேணும், யார் மேலன்னு மட்டும் சொல்லாத." நாலு நிமிடக் கோபம் ரெக்கார்டு ஆகும். அடுத்த படத்துக்குள் அவன் 'பழைய வாய்ஸ்'. பக்கத்துத் தெருப் பையன் இன்னும் குறைச்சலுக்கு வருவான்.

பேர் வாங்கியவர் கதையாவது தேவலையா? அரக்கோணத்துக்காரரான ராப் பாடகர் அறிவு எழுதி, பாடகி தீயோடு சேர்ந்து பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' 2021 மார்ச் 7-ல் வெளியானது. ஊர் உலகமே ஆடியது. ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் தீ இருந்தார், ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை. சத்தம் கிளம்பிய பிறகுதான் அவருக்கென்று இன்னொரு அட்டை வந்தது. 2022 ஜூலை 28, செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. மேடையில் பாட்டு இருந்தது, அறிவு இல்லை. அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் வந்தது. விளக்கத்துக்கு இங்கே என்றைக்குப் பஞ்சம்? கணக்குப் போட்டால் பாட்டு வெளியானதற்கும் அந்த விழாவுக்கும் இடையில் 508 நாள். 1981 சட்டம் பாட்டுக்கும் செல்லுமென்றால் அவர் நிரந்தர ஊழியர்! காசு? கோடிக்கணக்கான முறை ஓடிய அந்தப் பாட்டால் தனக்கு ஒரு பைசா வரவில்லை என்று 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே வீடியோ போட்டார்.

சொன்னதையே சொல்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுதான் எனக்கு வயிற்றெரிச்சல். காத்திவாக்கத்து அனல் மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல்தான் நின்றது. 47 வருடம் ஒரே புகை. "போரடிக்குது, வேற ஏதாவது விடு" என்று எந்த ரசிகராவது கமெண்ட் போட்டாரா? அந்த 2017-லேயே கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பொறம்போக்குப் பாடல் பாடினார். பாட்டு ஊரெல்லாம் சுற்றியது. சாம்பல் இங்கேயே இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து வலையிலும் படகிலும் அப்பியது. அதே மாதம் 26-ம் தேதி இரவு பெரியகுப்பத்து ஜனங்கள் அம்மோனியா நெடியில் கண் எரிய, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இந்த ஊர்ப் பையன் வேறு எதைப் பாடுவான், ஊட்டி மலர்க் கண்காட்சியையா? பாடுகிறவனிடம் வருஷா வருஷம் புதுசு கேட்கிறீர்கள், புகைப்போக்கியிடம் ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை.

2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அந்த உரிமையை எழுதி வாங்கவும் முடியாது என்கிறது. 480 நாள் சட்டத்துக்குப் பக்கத்து ரேக்கில் அதுவும் சௌக்கியமாக இருக்கிறது. பையனிடம் நீட்டப்படுவது ஆங்கில அக்ரிமென்ட். பிரபஞ்சம் முழுமைக்கும், காலம் உள்ளவரைக்கும் சகல உரிமையும் கம்பெனிக்கு என்று எழுதுவது அந்தத் தொழிலில் வழக்கம். செவ்வாய்க் கிரகத்தில் பாட்டு ஓடினாலும் வசூல் கம்பெனிக்குத்தான். காத்திவாக்கத்துப் பையனுக்கு ஷூட்டிங் அன்று பிரியாணி உண்டு.