மகஜர் சார்

எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் அந்தப் பெரியவருக்குத் தாய் தகப்பனார் ஆசையோடு இட்ட பெயர் ஒன்று உண்டு. ஆனால் கொரோனா என்னும் கொள்ளைநோய் நமது தேசத்தில் கால் பதித்த 2020-ஆம் வருஷத்துப் பங்குனி மாதம் தொடங்கி, அந்தப் பெயரை மின்கட்டண அட்டையைத் தவிர வேறு எவரும் உபயோகித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. "மகஜர் சார்" என்றால்தான் பால்காரருக்கும் தெரியும், காய்கறி வண்டிக்காரருக்கும் தெரியும். மனு என்பது தனி மனிதன் தன் குறையைச் சொல்லிக்கொள்வது. மகஜர் என்பதோ மகாஜனங்கள் திரண்டு, கையெழுத்திட்டு, பொதுக் குறையைச் சமர்ப்பிப்பது. தம்முடைய முழங்கால் வலியைக்கூட மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லாத கௌரவஸ்தராகையால், நம்மவர் சொந்தக் குறைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு லோகத்தின் குறைகளுக்கே தம்மை ஒப்புக்கொடுத்திருந்தார்.

அவருடைய பூர்வாசிரமத்தைச் சொல்லாமல் அவரைப் புரிந்துகொள்ள முடியாது. 32 வருஷம் சர்க்கார் உத்தியோகம். அதில் பெரும்பகுதி, பிறர் கொடுத்த மனுக்களை வாங்கி வைக்கும் உத்தியோகம். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் நாளன்று, வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டு, விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து வந்து, வியர்த்த கையால் நீட்டப்படும் அந்தக் காகிதங்கள் பிற்பாடு என்ன கதியை அடைகின்றன என்பதை அவரைப்போல் அறிந்தவர் ஜில்லாவிலேயே கிடையாது. மேஜையின் இடப்பக்கத்தில் ஒரு கட்டு, வலப்பக்கத்தில் ஒரு கட்டு. இடப்பக்கத்துக் கட்டு உரிய நடவடிக்கைக்கு, வலப்பக்கத்துக் கட்டு "எல்.டிஸ்."ஸுக்கு. ஒரு வருஷம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்பதைத்தான் அந்தப் பழைய வெள்ளைக்காரச் சுருக்கெழுத்து அடக்கமாகச் சொல்லுகிறது. வாங்கியதும் முத்திரை, முத்திரையின் மேல் சுருக்கொப்பம், தன்பதிவேட்டில் ஒரு வரி, பிறகு வலப்பக்கம்: இந்த நான்கு காரியத்தையும் சம்பாஷணையை நிறுத்தாமலே செய்து முடிக்கும் லாகவம் தமக்கு இருந்ததாக அவரே பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி வாங்கிக்கொண்டே இருந்த கை, ஓய்வு பெற்றதும் கொடுக்கத் தொடங்கியதுதான் ஆச்சரியம்.

மார்ச் 22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மாடி முகப்பில் நின்று எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டியதுதான் அவர் பொதுவாழ்வில் பிரவேசித்த சுபமுகூர்த்தம். இரண்டு நாள் கழித்து, இரவு எட்டு மணிக்குப் பிரதம மந்திரி தொலைக்காட்சியில் தோன்றி 21 நாள் ஊரடங்கை அறிவித்தார். பேருந்து நின்றது, கோவில் நடை சாத்தியது, திங்கட்கிழமை மனுக் கூட்டமும் நின்றது. ஒரு தேசத்துக் குறைகள் அனைத்தும் வீட்டுக்குள் அடைபட்டு, கொடுக்கவும் இடமில்லாமல், வாங்கவும் ஆளில்லாமல் தவித்த அந்தச் சந்தர்ப்பத்தில், வெளிநாட்டிலிருக்கும் மகன் வாங்கித் தந்த கைப்பேசியைத் துடைத்துக்கொண்டிருந்த நம்மவருடைய விரல் தற்செயலாக ஓரிடத்தில் பட, டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் பாதுகாப்பு அங்கி வழங்கக் கோரும் விண்ணப்பம் ஒன்று திரையில் விரிந்தது. கீழே ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினார். "நன்றி" என்று வந்தது. 32 வருஷ உத்தியோகத்தில் எந்த மனுதாரருக்கும் அவர் சொல்லாத வார்த்தை அது. அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வரவில்லையாம்.

இந்த இணைய மகஜர்களின் இலக்கணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். 2007-இல் அமெரிக்காவில் ஆரம்பித்த 'சேஞ்ச் டாட் ஆர்க்' முதலான தளங்களில் யார் வேண்டுமானாலும், எதைப் பற்றி வேண்டுமானாலும், எவருக்கு வேண்டுமானாலும் மகஜர் தொடங்கலாம். நூறு கையெழுத்து இலக்கு என்று ஒரு கோடு காட்டும். நூறை நெருங்கும்போது, தாகத்தால் வாடியவன் கண்முன் விலகி விலகிப் போகும் கானல்நீரைப்போல், அந்த இலக்கு தானே இருநூறாகிவிடும். இருநூறு ஐந்நூறாகும். இதில் சலித்துப்போய் விலகியவர்கள் உண்டு. நம்மவரோ, இலக்கு நகர நகரத் தமக்கு உத்தியோக உயர்வு கிடைத்துக்கொண்டிருப்பதாகவே பாவித்தார். கையெழுத்திட்டதும் "இதை மேலும் பலர் பார்க்கும்படி செய்ய முந்நூறு ரூபாய் உதவுவீர்களா?" என்று ஒரு தளம் கேட்டபோது, அந்தப் பணம் ஏதோ ஆஸ்பத்திரிக்கு முகக்கவசம் வாங்கப் போகிறது என்று நம்பி மூன்று முறை அனுப்பிவிட்டு, அது தம் மகஜரை விளம்பரப்படுத்துவதற்கே போயிற்று என்று பேத்தி விளக்கியபோது, "அதுவும் ஒரு சேவைதானே?" என்று சொல்லி நாலாம் முறையும் அனுப்பினார்.

ஏப்ரல் 7-ஆம் தேதி அவருக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. பலமுறை கைமாறிய செய்தியை இனி ஒரு தடவைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று வாட்ஸாப் நிறுவனத்தார் கட்டுப்பாடு விதித்தார்கள். வதந்தி பரவாமல் இருக்கச் செய்த ஏற்பாடு என்று உலகம் நினைத்தது; தம்மைக் குறிவைத்துச் செய்த சதி என்று நம்மவர் நினைத்தார். உடனே அந்தக் கட்டுப்பாட்டை நீக்கக் கோரி ஒரு மகஜர் தொடங்கினார். அதைப் பரப்புவதற்கோ ஒவ்வொருவராகத்தான் அனுப்பவேண்டியிருந்தது. அனுப்பினார். அந்தச் சித்திரை வெயிலில், மின்விசிறிக்கு அடியில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, 214 பேருக்குத் தனித்தனியாக அனுப்பிய சிரத்தையைப் பார்த்து அவருடைய சகதர்மிணி, "இதே விரலால முருங்கைக்கீரை ஆய்ஞ்சு குடுத்திருந்தா இந்தத் தெருவுக்கே கூட்டு வச்சிருப்பேன்" என்றார்கள்.

கொள்கை என்று பார்த்தால் அவர் ஒரு பட்சத்தில் நிற்பவர் அல்லர். மே 7-ஆம் தேதி டாஸ்மாக் கடைகளைத் திறந்தார்கள்; திறக்கக்கூடாது என்ற மகஜரில் அவர் கையெழுத்து இருந்தது. மறுநாள் சென்னை உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. சர்க்கரைப் பொங்கல் வைத்தார். மே 15-இல் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. "அடடா" என்று நான் அனுதாபப்படப் போனபோது, கஜானாவின் நலனை உத்தேசித்துத் திறக்கத்தான் வேண்டும் என்று பழைய சகா ஒருவர் அனுப்பிய மகஜரிலும் தாம் தாட்சண்யத்துக்காகக் கையெழுத்திட்டிருந்ததைக் காட்டி, அன்றும் பொங்கல் கொடுத்தார். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வை நடத்தவேண்டும் என்பதிலும், ரத்து செய்யவேண்டும் என்பதிலும் இப்படியே. ஜூன் 9-ஆம் தேதி முதலமைச்சர் பழனிசாமி தேர்வை ரத்து செய்து அனைவரும் தேர்ச்சி என்று அறிவித்தபோது, வழக்கு, வாதம், பெற்றோர் கவலை, பரவிக்கொண்டிருந்த நோய் இவையெல்லாம் அவர் கண்ணில் படவே இல்லை, பனைமரத்தில் உட்கார்ந்த காகத்தைப்போல் கம்பீரமாக ஒரு பார்வை பார்த்து, "பழம் விழுந்துடுத்து பாத்தீங்களா சார்?" என்று கேட்டார். கபசுரக் குடிநீரை வீடுவீடாக வழங்கவேண்டும் என்று அவர் கோரியதும், மாநகராட்சி ஊழியர்கள் தெருவுக்கு வந்து வழங்கியதும் உண்மை. வழங்கிய குடிநீரைக் கசக்கிறது என்று அவர் துளசித் தொட்டியில் ஊற்றியதும் உண்மை.

சிரிக்கிறேனே தவிர, சிரிப்பதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது. அவர் அனுப்பியவற்றில் நாற்பதுக்காவது நானும் பொத்தானை அழுத்தியிருக்கிறேன், பாதியை வாசிக்காமலே. மேலும், மகஜர் என்பது சென்னைப் பட்டணத்துக்கு இழுக்கான சங்கதியும் அன்று. கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முதலானோர் 1852-இல் சென்னைச் சுதேசி சங்கத்தைக் கூட்டி, வரி வசூலுக்காகக் குடியானவர்களை உடம்பில் வதைக்கிறார்கள் என்று பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கே மகஜர் அனுப்பினார்கள். அந்த வதையை விசாரிக்கக் கமிஷன் ஏற்பட்டு, 1855-இல் அறிக்கையும் வந்தது. அந்தப் பார்லிமெண்டு இன்றைக்கும் இந்த விஷயத்தில் கணக்காகத்தான் இருக்கிறது: இணையத்தில் பத்தாயிரம் கையெழுத்துச் சேர்ந்தால் அரசாங்கம் பதில் எழுதவேண்டும், லட்சம் சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிக்கவேண்டும். இதை ஒருநாள் நான் வாய் தவறி மகஜர் சாரிடம் பிரஸ்தாபித்துவிட்டேன். "பதில் எழுதுவாங்களா? நிஜமாவா?" என்று அவர் கேட்ட குரலில் இருந்த ஏக்கத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு வருஷ காலத்தில் அவர் எழுதிய மகஜர்களில் ஒன்றுக்காவது எந்த ஆபீசிலிருந்தும் ஒரு வரி வந்ததில்லை. மனுநீதிச் சோழன் வாசலில் மணியை இழுத்த பசுவுக்குக்கூட ராஜா எழுந்து வந்தான். அதற்கு இலக்கும் இல்லை, பகிரவும் ஆளில்லை.

2021 மே மாதத்தைப் பற்றி விளையாட்டாக எழுதக் கை வரவில்லை. பிராணவாயுவுக்கும் படுக்கைக்கும் ஜனங்கள் அலைந்த அந்த நாட்களில், எங்கள் மூன்றாம் மாடியில் இருக்கும் கல்லூரி மாணவி ஒருத்தி, முன்பின் அறியாத சிநேகிதர்களோடு இணையத்தில் சேர்ந்து, எந்த ஆஸ்பத்திரியில் இடம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்து, "சரிபார்த்தது, காலை 11.40" என்று நேரம் குறித்துப் பதிந்துகொண்டிருந்தாள். மகஜர் சாரும் பட்டியல்கள் அனுப்பினார். யாரோ அனுப்பியது, எப்போதோ அனுப்பியது. ஒருநாள் அந்தப் பெண் மாடிப்படியில் அவரை நிறுத்தி, கண் சிவந்திருக்க, "அங்கிள், நீங்க அனுப்புன லிஸ்ட்ல பதினேழு நம்பர். பதினேழும் செத்த நம்பர். நீங்க ஒரு தடவையாவது போன் பண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று பிற்பகல் அவர் வீட்டிலிருந்து வந்த குரலைக் கேட்டு நான் திடுக்கிட்டேன். "யார் பேசறது? பேர் சொல்லுங்க. பதவி? ரிஜிஸ்தர் உங்க கைல இருக்கா? பிரிச்சுப் பாத்துச் சொல்லுங்க, நான் லைன்ல இருக்கேன்." 32 வருஷத்து உத்தியோகக் குரல்! எந்தக் கேள்விக்கு எந்தக் குமாஸ்தா எப்படி நழுவுவான் என்பதை அறிந்தவருக்கு முன்னால் எவராலும் நழுவ முடியவில்லை. தேனாம்பேட்டையில் 104 எண்ணோடு இயங்கிய கட்டளை மையத்துக்கும் விடாமல் பேசி, ராத்திரி ஒன்பதரை மணிக்கு, தாம் பார்த்தே இராத ஒரு பல்லாவரத்து மனிதருக்குப் படுக்கை ஒன்றை வாங்கிவிட்டார். அந்த மனிதர் பிழைத்தார். மறுநாளும் அவர் தொலைபேசியை எடுப்பார் என்றுதான் அந்தப் பெண்ணும் நானும் காத்திருந்தோம். காலையில் எங்கள் கைப்பேசிக்கு வந்ததோ, "குடிமக்கள் தாமே தொலைபேசியில் படுக்கை தேடும் அவலத்தை உடனே நிறுத்துக" என்னும் மகஜர். அதற்கு 3,100 கையெழுத்துச் சேர்ந்தது. அவர் வாழ்க்கையிலேயே அதுதான் அதிகம். பல்லாவரத்தைப் பற்றி அவர் மறுபடி பேசவே இல்லை.

எங்கள் காவலாளியின் விஷயத்துக்கு வருகிறேன். முதல் ஊரடங்கில் ஊருக்குப் போக வண்டியில்லாமல் மாடிப்படிக்கு அடியிலேயே படுத்திருந்தவர் அவர். வரவு இல்லை என்று சொல்லி இரண்டு மாதச் சம்பளத்தில் பாதியைத்தான் எங்கள் அடுக்ககச் சங்கத்தார் கொடுத்தார்கள். இது மகஜர் சாரின் காதில் விழுந்ததும், சென்னை நகரத்துக் காவலாளிகள் அனைவருக்கும் முழுச் சம்பளம் கோரி அற்புதமான ஒரு மகஜரை வரைந்தார். 412 பேர் கையெழுத்திட்டார்கள். காவலாளி போடவில்லை. அவரிடம் இருந்தது பொத்தான் வைத்த போன். "ஐயா, சங்கத்து மீட்டிங்ல ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..." என்று அவர் தலையைச் சொறிந்தபோது, நம்மவர், சிறிய காரியத்துக்காகப் பெரிய காரியத்தைக் கெடுக்கக்கூடாது என்று அன்போடு விளக்கினார். ஆனாலும் மனசாட்சி என்பது இலக்கு நகர்ந்தாலும் நகராமல் இருக்கும் வஸ்து போலும். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, தடுப்பூசி இரண்டும் போட்டுக்கொண்டு ஊர் சற்றே மூச்சுவிட்ட சமயத்தில், அவர் ஒருவரிடமும் சொல்லாமல் பீரோவைத் திறந்து, செக் புத்தகத்தை எடுத்து, காவலாளியின் பெயருக்கு ஐயாயிரம் ரூபாய் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

செக் திரும்பி வந்தது. பணம் இல்லாமல் அல்ல. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று.

கிட்டத்தட்ட ஒன்றரை வருஷமாக, தம் கணக்குப்படி 1,900 மகஜர்களில் கையெழுத்திட்ட மனிதர், அத்தனை காலமும் பேனாவைத் தொடவே இல்லை. முதலெழுத்து இருந்தது, சுழி எங்கே தொடங்கும் என்பது விரலுக்கு மறந்துவிட்டது. என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். "சைன் ரொம்ப மாறிப்போச்சு சார். ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார் அங்கிருந்த இளைஞர், முகக்கவசத்துக்குள்ளிருந்து. வெள்ளைத்தாள் வாங்கி, ஓரம் மடித்து, அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் முறைப்படி எழுதி, அடியில் கையெழுத்துப் போடுமுன் செய்தித்தாளின் விளிம்பில் ஏழெட்டுத் தடவை போட்டுப் பழகிக்கொண்டு, மகஜர் சார் இரண்டு கையாலும் அந்தக் காகிதத்தை நீட்டினார். இளைஞர் பக்கத்து மேஜைக்காரரோடு ஏதோ பேசிக்கொண்டே வாங்கி, முத்திரை குத்தி, சுருக்கொப்பமிட்டு, ஒரு கட்டின் மேல் வைத்தார்.

திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் அவர் வெகுநேரம் பேசவில்லை. மேம்பாலத்தடியில் வண்டி நின்றபோது, என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார்:

"பாத்தீங்களா சார்? வலது பக்கத்துக் கட்டுல வச்சான்."