முன்னாள் வேட்பாளர்

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் 'தலைமை' என்ற இடத்தில் எம்.எல்.ஏ. பெயர் இருக்கும். 'முன்னிலை'யில் அவரிடம் தோற்ற முன்னாள் எம்.எல்.ஏ. பெயர் இருக்கும். அதற்கும் கீழே, மண்டப உரிமையாளருக்கும் பாத்திரக்கடைக்காரருக்கும் நடுவே ஒரு பெயர், பெயருக்கு அடியில் ஒரு பட்டம்: 'சட்டமன்ற முன்னாள் வேட்பாளர்'. எம்.எல்.ஏ.வுக்கு முன்னாள் உண்டு, வேட்பாளருக்கு ஏது முன்னாள் என்று கேட்கக் கூடாது. காசு கட்டி வாங்கிய பட்டம் அது.

அண்ணன் (ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான், ஓட்டுப் போடாதவர்களுக்கு இன்னும் கூடுதலாக) பொதுவாழ்வுக்கு வந்தது பள்ளிக்கூடம் வழியாக. மூத்த மகன் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பதவிக்கு நின்றார். கை தூக்கித் தேர்ந்தெடுக்கும் கூட்டம். கழிப்பறை, குடிதண்ணீர், காம்பவுண்டுச் சுவர் மூன்றையும் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். எதிராளி எழுந்து, "கூட்டம் முடிஞ்சதும் எல்லாரும் டிபன் சாப்ட்டுப் போகணும்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான், கைகள் கிளம்பிவிட்டன. அண்ணனும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். பொங்கலில் முந்திரி போடவில்லை என்பது அன்றைக்கு அவர் விட்ட கண்டன அறிக்கை.

வார்டு உறுப்பினர், ஒன்றியக் கவுன்சிலர் என்று படிப்படியாக ஏற அவருக்குப் பொறுமை இல்லை. பள்ளிக்கூடத்தில் தோற்றவர் நேராகக் கோட்டைக்கு மனுப் போட்டார். 2011, 2016, 2021 என்று மூன்று சட்டமன்றத் தேர்தல். மூன்றிலும் சுயேச்சை.

சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். அங்கீகாரம் பெற்ற கட்சிக்காரருக்கு ஒருவர் போதும். இதற்காக அண்ணன் இன்றைக்கும் மொடக்குறிச்சியைத் திட்டுவார். 1996-ல் அந்த ஒரு தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். தங்கள் கோரிக்கையை யாராவது திரும்பிப் பார்க்கட்டும் என்று விவசாயிகள் கூட்டங்கூட்டமாக மனுப் போட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. டெல்லி விழித்துக்கொண்டது. 250 ரூபாயாக இருந்த சட்டமன்ற டெபாசிட் 5,000 ஆகி, இப்போது 10,000. பத்துப் பேர் கையெழுத்தும் அந்தத் திருத்தத்தோடு வந்ததுதான்.

அண்ணனுக்கு டெபாசிட் போனதில் வருத்தமில்லை. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் அது திரும்பும். அவ்வளவு பேராசை அவருக்குக் கிடையாது. வருத்தமெல்லாம் படிவம் 20-ஆல் வந்தது. எந்த பூத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று சொல்லும் தாள் அது. ஜெயித்தவர்கள்கூட மேலோட்டமாகத்தான் பார்ப்பார்கள். அண்ணன் அதை நகல் எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஸ்கேல் வைத்து வரி வரியாகப் படித்தார். முன்மொழிந்த பத்துப் பேரும் நான்கு பூத்துகளில் அடக்கம். நான்கிலும் சேர்த்து விழுந்தது மூன்று ஓட்டு. அதில் ஒன்று அவருடையது. இன்னொன்று வீட்டுக்காரம்மாவுடையது என்று அவர் நம்புகிறார். அந்த அம்மா இதுவரை உறுதிப்படுத்தவில்லை.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முதல் முன்மொழிபவரான டீக்கடைக்காரரிடம் போனார். "ஏண்டா தம்பி, ஒன் பூத்துல எனக்கு சைபரு விழுந்திருக்கே?" டீக்கடைக்காரர் டீயை ஆற்றுவதை நிறுத்தவில்லை. "அண்ணே, முன்மொழியத்தானே கையெழுத்துக் கேட்டீக? ஓட்டும் சேத்தா கேட்டீக?" அண்ணன் யோசித்துப் பார்த்தார். கேட்கவில்லைதான்.

2016-ல் முதல் தடவையாக நோட்டாவிடமும் தோற்றார். "பிரச்சாரமே பண்ணாத பய, நமக்கு மேல வாங்கிருக்கான்யா" என்று ஒரு வாரம் புலம்பினார். 2021-ல் பட்டியலில் பதினேழாவது பெயர். ஒரு மெஷினில் பதினாறு பட்டன்தான் என்பதால் இரண்டாவது மெஷினுக்குப் போய்விட்டார். வேறொருவராக இருந்தால் இடிந்து போயிருப்பார். இவர், 'ரெண்டாவது மெஷின், மொத பட்டன்' என்று நோட்டீஸ் அடித்துவிட்டார். சின்னம் மட்டும் நிலையாக இருந்ததில்லை. ஒரு தேர்தலில் மட்டை, இன்னொன்றில் டார்ச் லைட், பிறகு தையல் மெஷின். "அடுத்த தடவை கேஸ் சிலிண்டர் கேளுங்க, வீட்டுக்காவது ஆகும்" என்பது வீட்டுக்காரம்மாவின் யோசனை.

மேட்டூர் பத்மராஜன் பெயரைச் சொன்னால் அண்ணனுக்குக் கோபம் வரும். டயர் பழுதுபார்க்கும் கடைக்காரரான அவர் 1988-ல் தொடங்கி இருநூறுக்கும் மேற்பட்ட தேர்தல்களில் நின்று, பிரதமர்களையே எதிர்த்துத் தோற்றவர். "அவர் தோக்கிறதுக்குன்னே நிக்கிறாரு. நான் ஜெயிக்க நிக்கிறேன்" என்பார் அண்ணன். ஓட்டு எண்ணும் அன்றைக்கு இந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். எண்ணும் மேஜைக்கு மேஜை ஏஜென்ட் போடும் உரிமை சுயேச்சைக்கும் உண்டு. அந்த பாஸில் தங்கள் ஆளை உள்ளே அனுப்பத்தான் பெரிய கட்சிக்காரர்கள் சுயேச்சைகளை விலை பேசுவார்கள். அண்ணனிடமும் கவரோடு வந்தார்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். சட்டமன்றத்துக்கு 40 லட்சம் வரை செலவு செய்யலாம் என்று வரம்பு இருக்கிறது. முடிவு வந்து 30 நாளைக்குள் கணக்குக் காட்ட வேண்டும். டீக்கடை பில் வரை ஒட்டி, அவர் ஆறாம் நாளே கொடுத்துவிடுவார். கணக்கில் ஓட்டுக்குப் பணம் என்ற தலைப்பே வராத வேட்பாளர் எங்கள் தொகுதியில் அவர் ஒருவர்தான். அவர் வாங்கிய ஓட்டிலிருந்தே அது தெரியும்.

பிறகு 2022-ல் பள்ளி மேலாண்மைக் குழு அமைத்தார்கள். பழைய தோல்விக்குப் பழிதீர்க்கலாம் என்று அண்ணன் கிளம்பினார். ஆனால் தலைவராக அங்கே படிக்கும் பிள்ளையின் தாய்தான் வர முடியும். சின்ன மகள் அங்கேதான் படித்தாள். வேறு வழியில்லாமல் வீட்டுக்காரம்மாவை நிறுத்தினார். "எனக்கு ரேஷன் கடைக்குப் போகணும், சீக்கிரம் முடிங்க" என்பதுதான் அந்த அம்மாவின் மொத்தப் பிரச்சாரமும். போட்டியின்றித் தேர்வு. காம்பவுண்டுச் சுவர் இப்போது கட்டி முடிந்துவிட்டது. அண்ணன் அதில் சாய்ந்து நின்று அடுத்த தேர்தலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் தொகுதியிலும் ஓர் அண்ணன் படிவத்தோடு வருவார். தட்டாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் சரியாகச் சொல்லுங்கள். ஓட்டை யாருக்குப் போட்டாலும் சரி, படிவம் 20 வெளியாகிற வாரம் மட்டும் ஊரில் இருக்காதீர்கள்.