நெலமங்கலாவில் ஒரு நிறுத்தம்

வெள்ளிக்கிழமை இரவுகளில் பெங்களூரின் தும்கூர் ரோட்டில் யஷ்வந்த்பூரைத் தாண்டி நின்றால் பார்க்கலாம். பிளாட்பெட் லாரியிலும் டிரெய்லரிலும் ஏறி, தார், ஜிப்சி வண்டிகள் சகலேஷ்பூர் சேற்றுக்குப் புறப்பட்டிருக்கும். பெரிய டயர், வின்ச், கூரையில் விளக்கு வரிசை என்று வண்டிக்கு அள்ளிச் செலவழித்திருப்பார்கள். என் கண் மட்டும் கீழே போகும். எதை எதோடு கட்டியிருக்கிறார்கள்?

இந்தப் பார்வை சிவாஜிநகரில் கிடைத்தது. எண்பதுகளின் கடைசியில், ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளுக்கு குஜிரிக் கடைப் பழைய சாமான்களை வைத்தே உயிர் கொடுத்த பட்டறைகள் அங்கே இருந்தன. பட்டறைப் பேச்சில் பாதி தமிழ்தான். ஜீப்பை லாரியில் ஏற்றிக் கட்ட எங்கள் மேஸ்திரியிடம் இருந்ததெல்லாம் மணிலா கயிறு, சங்கிலி, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க நாலு மரக்கட்டை. கயிற்றைத் தொடும் முன்பே ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவார். பம்பரில் முடிச்சுப் போட யாரையும் விடமாட்டார்.

"பாடியக் கட்டினா, ஸ்பிரிங் குதிக்கிற குதியில கயிறு லூசாயிடும் தம்பி. ஆக்சிலப் புடி. பிரேக் பைப் மேல மட்டும் கயிறு படாம பாத்துக்க."

அன்றைய எம்.எம்.540 ஜீப்புக்கு முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஆக்சில். மேலே பட்டை ஸ்பிரிங். ஆக்சிலைத் தளத்தோடு பிணைத்துவிட்டால், மேலே பாடி எவ்வளவு ஆடினாலும் அந்த ஆட்டம் கட்டுக்கு இறங்காது. டிரெய்லர் என்றால் ஜீப்பை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதற்கே தனியாக நேரம் எடுத்துக்கொள்வார். எஞ்சின் முன்பக்கம் வர வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது இழுக்கும் வண்டியின் கொக்கி மேல் இறங்க வேண்டும். பின்பாரம் கூடினால் வேகத்தில் டிரெய்லர் பக்கவாட்டில் அலையத் தொடங்கி, இழுக்கிற வண்டியையும் சேர்த்து அலைக்கழிக்கும். அதன் பிறகு ஸ்டியரிங் பிடித்திருப்பவர் கையில் அதிகம் மிச்சமிருக்காது.

அப்புறம் நெலமங்கலா. ஊரைவிட்டு இருபத்தைந்து முப்பது கிலோமீட்டருக்குள் கயிறு நெகிழும் என்று அவருக்குத் தெரியும். அங்கே கண்டிப்பாக நிறுத்துவார். கயிற்றை இறுக்கிய பிறகுதான் டீ.

இன்றைக்கு எஸ்.ஜே.பி. ரோட்டுக் கடைகளில் 50 மி.மீ. ராட்சட் பெல்ட் சாதாரணமாகக் கிடைக்கிறது. கைப்பிடியை நாலு தடவை அசைத்தால் மணிலா கயிறு நினைத்தே பார்த்திராத இறுக்கம் வந்துவிடுகிறது. நல்ல பொருள், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நெலமங்கலா நிறுத்தம் காணாமல் போனதற்கு இந்த நல்ல பொருளே காரணமாகிவிட்டது. வலுவான பெல்ட்தானே, எதற்குப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பு எனக்குக் கவலை தருகிறது.

வண்டியும் மாறிவிட்டது. 2020இல் வந்த தாருக்கு நான்கு பக்கமும் சுருள் ஸ்பிரிங். முன்னால் பிடிக்க ஒற்றைத் தண்டு ஆக்சிலும் கிடையாது. மேடு பள்ளத்தில் நமக்குச் சுகம் தருவதற்காக வைத்த அந்த மென்மையே டிரெய்லரில் தொல்லை. கொக்கியைச் சேஸியில் மாட்டி இறுக்கினால், ஒவ்வொரு ஹம்ப்பிலும் வண்டி அமுங்கும்போது பெல்ட் தொய்யும். எழும்போது வெடுக்கென்று இழுபடும். அந்த வெட்டு இழுப்பில் கொக்கி கழன்றுகூடப் போகலாம். அதனால்தான் டயரையே சுற்றிப் பிடிக்கும் சக்கரப் பெல்ட்டை வற்புறுத்திச் சொல்கிறேன். சக்கரம் தளத்தோடு கிடக்கும், ஸ்பிரிங் அதன் பாட்டுக்கு வேலை செய்யும். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக, முன்னிரண்டு முன்பக்கமும் பின்னிரண்டு பின்பக்கமும் இழுக்க வேண்டும்.

எண்களையும் நம்பி ஏமாறக் கூடாது. 5 டன் என்று பெரிதாக அச்சடித்திருப்பது பல நேரம் பெல்ட் அறுந்துபோகும் பளு. வேலைக்குக் கணக்கில் எடுக்க வேண்டியது அதில் பாதியோ அதற்கும் குறைவோதான். தைத்திருக்கும் சிறு சீட்டில் அது இருக்கும். திடீர் பிரேக்கில் வண்டி தன் எடையில் முக்கால் பங்குக்கும் மேலான விசையோடு முன்னால் பாயப் பார்க்கும். பெல்ட் தளத்திலிருந்து 60 டிகிரி கோணத்தில் ஏறினால், அதன் இழுப்பில் பாதிதான் அந்தப் பாய்ச்சலைத் தடுக்க உதவும். தாழ்வாக, நீளமாகக் கட்டுவது அதற்காகத்தான். முடிச்சுப் போட்ட பெல்ட், வெயிலில் வெளுத்து ஓரம் பிசிறிய பெல்ட் இரண்டையும் தூக்கி எறியுங்கள்.

கியரில் விட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, அண்டைக் கட்டை வையுங்கள். ஜாக், ஜெரிகேன், கேன்வாஸ் கூரை எதுவும் தளர்வாக இருக்கக் கூடாது. உங்களுக்குப் பின்னால் பீன்யா ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டரில் வீடு திரும்புகிறவர் வருகிறார். நீங்கள் கட்டியதை நம்பித்தான் அவர் அந்தத் தூரத்தில் ஓட்டுகிறார். நெலமங்கலாவில் ஓரம்கட்டுங்கள். நான்கு பெல்ட்டையும் கையால் இழுத்துப் பாருங்கள், தொய்ந்ததை இறுக்குங்கள். ஹாசன் தாண்டி வளைவுகள் தொடங்கும் முன் இன்னொரு முறை.