மும்மூன்றாகப் பிரித்த கதை

துலா மிதித்த பரம்பரை எங்களுடையது. துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து இறைப்பார். மிதிக்கிறவர் எப்போது எந்த இடத்தில் அடி வைக்கிறார் என்பதில்தான் இறைக்கிறவரின் நாரி தங்கியிருக்கும். பாரத்தைச் சமப்படுத்துவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் குடாநாட்டில் இருந்ததில்லை. அந்த வம்சத்தில் பிறந்து, மிளகாய்த்தூளும் அரிசிமாவும் அரைக்கிற மில் நடத்துகிற நான், "லோட் பலன்ஸ்" என்ற சொல்லை எங்கெல்லாம் வாயில் எடுத்தேனோ அங்கெல்லாம் ஏதோ ஒன்று புகைந்தது, கவிழப் பார்த்தது, அல்லது வண்டு பிடித்தது.

புகைந்தது வீட்டில்தான். மில்லுக்கு மூன்று பேஸ் கரண்ட். பின்னாலிருக்கும் வீட்டுக்கும் அதிலிருந்தே கம்பி இழுத்திருந்தோம். வீட்டுச் சாமான்களை மூன்று பேஸுக்கும் நானே பங்கிட்டேன், கடதாசியில் கோடு போட்டு, மும்மூன்றாக. சிவப்புக்கு லைற்றுகள், காற்றாடி, ரீவி. மஞ்சளுக்குக் குளிர்சாதனப் பெட்டி, வைஃபை பெட்டி, போன் சார்ஜர். நீலத்துக்கு ஏசி, அயர்ன், கிணற்று மோட்டர். இதைவிட நீதியான பாகப்பிரிவினை எங்கள் குடும்பத்தில் நடந்ததேயில்லை என்று மனைவியிடம் சொன்னேன்.

அயர்ன் சூடேறி நிற்கும்போது மோட்டரைப் போட்டால் நீலம் விழும். மோட்டர் ஓடத் தொடங்கும் அந்தக் கணத்தில் வழமையைப்போல் பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மில் மோட்டரில் நாள்தோறும் பார்ப்பதுதான். ஆனால் வீட்டு மோட்டர் பணிவாக இருக்கும் என்று நம்பினேன். பிரேக்கர் பழசு என்று முடிவுகட்டி, 20 அம்பியரைக் கழற்றி 32 அம்பியர் போடுவித்தேன். வயரை மாற்றவில்லை. அதன்பிறகு பிரேக்கர் விழவேயில்லை. பெருமையாக இருந்தது.

வேறு வேலையாக வந்த கரண்ட் தம்பி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நீல வயரைத் தொட்டுக் காட்டினார். தோல் இளகி, விரல் பட்ட இடம் பதிந்தது. கிளாம்ப் மீற்றரை ஒவ்வொன்றாகக் கொழுவினார். சிவப்பில் 2 அம்பியர், மஞ்சளில் 3, நீலத்தில் 18. நியூட்ரலில் பதினைந்தரை.

"ஐயா, சாமானை எண்ணிப் பிரிச்சிருக்கிறியள். கரண்டுக்கு எண்ணத் தெரியாது."

மூன்று பேஸிலும் ஒரே அளவு ஓடினால் நியூட்ரலில் ஒன்றும் வராது, மூன்றும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். கழிபடாத மிச்சம்தான் நியூட்ரலில் திரும்பி வருகிறது. அந்த நியூட்ரல் எங்காவது கழன்றால் கதை இன்னும் மோசம். பாரம் கூடிய பேஸில் வோல்ட்டேஜ் விழும், பாரம் குறைந்ததில் 230 என்பது 400ஐ நோக்கி ஏறும். எரிவது பேராசைக்கார ஏசி அல்ல, ஒரு பாவமும் அறியாத ரீவி. இதை அவர் சொல்லச் சொல்ல நான் தலையாட்டினேன், முன்பே தெரிந்தவன்போல. உடனே 32 அம்பியரைக் கழற்றச் சொல்லி, வயரும் புதிதாக வாங்கச் சொன்னார். வாங்கினேன்.

இத்தோடு ஒதுங்கியிருக்கலாம். மென்பொருள் கொம்பனியில் வேலைசெய்கிற மருமகன் ஒரு நாள் வந்து, தங்கள் தொழிலிலும் இதே பேச்சுத்தான் என்றான். "வாற ஆக்களை வரிசையா ஒவ்வொரு சேர்வருக்கும் மாறி மாறி அனுப்பிறது ஒரு முறை, மாமா." அவன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அதுவரைக்கும் போதுமாயிருந்தது. அடுத்த நாளே மில்லில் நடைமுறைப்படுத்தினேன். இரண்டு மெசின் இருக்கிறது. வருகிறவர்களை மாறி மாறி விட்டால் ஒன்று ஓய்ந்திருக்க மற்றதில் வரிசை நீளாது. வேலைக்கு நிற்கிற பெடியன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், கையைக் காட்டி நிறுத்தினேன். ஒன்று மிளகாய் அரைக்கிற மெசின், மற்றது மா அரைக்கிறது. அன்று ஓர் அக்கா வீட்டில் புட்டு சிவப்பாக அவிந்தது. தூளும் தேவையில்லை, கறியும் தேவையில்லை என்று வந்து சொல்லிவிட்டுப் போனா.

மருமகன் சொல்லி முடிக்காமல் விட்டதைப் பிறகு கேட்டறிந்தேன். எந்த சேர்வரிடம் அந்த நேரம் வேலை குறைவு என்று பார்த்து அனுப்புவதும் ஒரு முறையாம். செத்த சேர்வருக்கு ஆளை அனுப்பாமலிருக்க ஒவ்வொன்றையும் அடிக்கடி தட்டிப் பார்ப்பார்களாம். எல்லா சேர்வரும் ஒரே வேலையைச் செய்யக் கூடியவையாக இருந்தால்தான் இத்தனையும் சரிவரும் என்பதை அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியிருக்காது.

ஒப்பந்தத்தில் சறுக்கியது இவற்றைவிடக் கேவலம், ஏனெனில் அந்த வசனத்தை எழுதியவனே நான். ஒரு மாணவர் விடுதிக்கு மா கொடுக்கிற வேலை கிடைத்தது. "மாதந்தோறும் சம அளவில்" என்று நானே போட்டேன். வாசிக்க அழகாக இருந்தது. விடுதி ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறையில் பூட்டிக்கிடக்கும். என் மில்லில் ஆட்கள் முண்டியடிப்பது சித்திரை வருஷத்துக்கு முன்னும், நல்லூர்த் திருவிழாக் காலத்திலும், தைப்பொங்கல் நெருங்கும்போதும். அவர்களுக்குத் தேவையில்லாத மாதம் எனக்கு நெருக்கடி மாதம். "தேவைக்கேற்ப" என்று மட்டும் எழுதியிருந்தால் பாரம் தானாகவே சமப்பட்டிருக்கும். நானோ வாடிக்கையாளரை வாசலில் நிற்கவைத்துவிட்டு, பூட்டிய விடுதிக்கு வறுத்த மா அனுப்பினேன். பள்ளிக்கூடம் தொடங்கியபோது மூடையில் வண்டு. பொறுப்பாளர் நல்ல மனுசன், வண்டை மட்டும் காட்டினார்.

வெள்ளவத்தைக்குத் தூள் அனுப்பிய பட்டாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதில் புகழ்வதற்கு ஒன்றுமில்லை. இறக்க வசதியென்று பாரமான பெட்டிகளையெல்லாம் பின்கதவோடு அடுக்குவித்தேன். "முன்பக்கம் மிதக்குது, ஸ்ரேரிங் பிடிக்குதில்லை" என்று முகமாலை தாண்டியதும் சாரதி போன் எடுத்தார். கிளிநொச்சியில் வீதியோரம் எல்லாவற்றையும் இறக்கி ஏற்றினார்கள்.

நாட்டுக்கே இந்தக் கணக்குப் பிசகியதுண்டு என்பது எனக்குச் சின்ன ஆறுதல். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மாட்டிக்கொள்ள இலங்கை முழுவதும் இருண்டது. எல்லோரும் குரங்கைப் பார்த்துச் சிரித்தார்கள். ஞாயிறு முற்பகலில் மின் தேவை குறைவு, கூரைச் சோலரில் வருவதோ அதிகம், அதிர்ச்சியைத் தாங்கிப்பிடிக்கிற பெரிய சுழலிகள் ஓடுவது கொஞ்சம். அந்த நிலையில் குரங்கு இல்லாவிட்டால் இன்னொன்று. அதே வருஷம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பிற்பகல் மூன்று மணி வரை கூரைச் சோலரை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டது. பாரம் கூடினால் மட்டுமல்ல, குறைந்தாலும் ஆபத்து.

என் வீட்டுக் கூரையிலும் சோலர் இருக்கிறது. நாட்டுக்கு உதவ இதைவிட எளிய வழி கிடைக்காது என்று முதல் நாளே நிறுத்தினேன். மூன்று மணிக்குப் போட மறந்தேன். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் மறந்தேன். விடுமுறை முடிந்து மற்றவர்களெல்லாம் போட்ட பிறகும் என் தேசபக்தி தொடர்ந்தது. பில் வந்தபோதுதான் அது நின்றது.

மூன்று பேஸ் எடுத்திருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கரண்ட் வேலை தெரிந்த ஒருவரை இரவு ஏழரைக்குக் கூப்பிட்டு, வீட்டில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்று கம்பியையும் நியூட்ரலையும் அளக்கச் சொல்லுங்கள். காலை பத்து மணிக்கு அளந்தால் எல்லா வீடும் சமமாகத்தான் காட்டும். பிரேக்கர் அடிக்கடி விழுந்தால் பெரிய பிரேக்கர் வாங்கப் போகாதீர்கள்.